தேனிலவுக்குச் சிறிய சொகுசுக் கப்பல்: எந்தத் தீவுகள், எந்த மாதம்?

மழைத்துளி:

எல்லோருக்கும் வணக்கம். ஜூலை நடுவில் எங்கள் திருமணம். தேனிலவுக்கு ஒரே விடுதியில் அடைந்து கிடக்காமல், வெப்பமண்டலத் தீவுகளைச் சுற்றிவரும் சிறிய கப்பலில் ஒரு வாரம் போகலாம் என்று இருவரும் பேசி வைத்திருக்கிறோம். ஆயிரக்கணக்கானவர்கள் ஏறும் பெரிய கப்பல் வேண்டவே வேண்டாம். ஐம்பது, நூறு பேர் போகும் கப்பல், இறங்கினால் நேராக மணல், இதுதான் ஆசை.

மூன்று இடங்கள் மனதில் உள்ளன: பிரெஞ்சு பாலினீசியா (டாஹிட்டி, போரா போரா), சீஷெல்ஸ், கரீபியனில் கிரெனடின்ஸ் தீவுகள். பெரிய கவலை ஒன்று இருக்கிறது. படகில் ஏறினாலே என் வருங்காலக் கணவருக்குத் தலைசுற்றும், வாந்தி வரும். எனக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு வருகிறேன் என்கிறார். அப்படி அவரைக் கஷ்டப்படுத்திக் கூட்டிப்போக எனக்கு மனமில்லை. திருமணம் முடிந்த கையோடு கிளம்புவதா, இரண்டு மூன்று மாதம் தள்ளிப்போடுவதா? போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

அலைநேசன்:

வாழ்த்துகள் சகோதரி. கப்பலை அப்புறம் பார்க்கலாம், முதலில் கடலைத் தேர்ந்தெடுங்கள். எல்லோரும் கப்பலின் படங்களைப் பார்த்து மயங்கி முன்பணம் கட்டிவிட்டு, அந்த மாதத்தில் அந்தக் கடல் எப்படி இருக்கும் என்று பிறகுதான் தேடுகிறார்கள். உங்கள் வருங்காலக் கணவரின் நிலைக்கு இந்த வரிசை மாறியே ஆக வேண்டும்.

ஜூலை, ஆகஸ்டில் பிரெஞ்சு பாலினீசியா ‘வறண்ட பருவம்’ என்று போட்டிருப்பார்கள். உண்மைதான், மே முதல் அக்டோபர் வரை அங்கே மழை குறைவு. ஆனால் மழை இல்லையென்றால் கடலும் அமைதியாக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். மாராமு என்கிற தென்கிழக்குக் காற்று அந்த மாதங்களில்தான் நாள்கணக்கில் அடிக்கும். சீஷெல்ஸிலும் இதே நிலைதான். மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை தென்கிழக்கு வியாபாரக் காற்று. வானம் பளிச்சென்று இருக்கும், கீழே கடல் குதித்துக்கொண்டிருக்கும். கரீபியனில் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை சூறாவளிப் பருவம். 2024 ஜூலை 1 அன்று பெரில் சூறாவளி நீங்கள் சொல்லும் அதே தீவு வரிசையில்தான் கரியகூ தீவில் கரையைக் கடந்தது. பக்கத்து யூனியன் தீவில் அனேகமாக எல்லா வீடுகளும் சேதமாயின. ஆகவே ஜூலையில் கிரெனடின்ஸ் வேண்டாம் என்பேன். டிசம்பர் முதல் மே வரை போனால் அது அருமையான இடம்.

அடுத்தது பாதை. ஒரே தீவுக்கூட்டத்திலேயே ஆடும் பாதையும் உண்டு, ஆடாத பாதையும் உண்டு. டாஹிட்டியிலிருந்து மூரியா கிட்டத்தட்ட 17 கி.மீ. தான், எதிரே தெரியும். பிறகு ஹுவாஹினே, ராயாட்டியா, டாஹா, போரா போரா என்று போவது வழக்கம். மூரியாவை விட்டு ஹுவாஹினே போகும் இரவு நீளமான திறந்த கடல், அன்றைக்கு ஆடும். ஆனால் ராயாட்டியாவும் டாஹாவும் ஒரே பவளத்திட்டு வளையத்துக்குள், ஒரே காயலில் இருக்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகக் கப்பல் வெளிக்கடலுக்கு வரவே தேவையில்லை. போரா போராவின் காயலுக்குள் கப்பல் நுழைய மேற்கே ஒரே ஒரு வாய்தான் உண்டு. வெளியே இருபக்கமும் அலை திட்டில் மோதி வெள்ளையாக உடையும். அந்த வாயைத் தாண்டியதும் ஆட்டம் சட்டென்று அடங்கி, மேசையில் இருக்கும் கோப்பையில் தண்ணீர்கூட அசையாமல் நிற்கும். அதே பயணத்தில் ரங்கிரோவா, ஃபகராவா போன்ற டுவாமோட்டு தீவுகளையும் சேர்த்திருந்தால், கிழக்கு நோக்கிக் காற்றை எதிர்த்து இரவெல்லாம் போக வேண்டும். அழகில் அவை இன்னும் ஒரு படி மேல். ஆனால் உங்களுக்கு வேண்டாம்.

கப்பல் நிறுவனத்துக்கு எழுதும்போது நேரடியாகக் கேளுங்கள்: எந்தெந்த இரவு திறந்த கடலில், ஒவ்வொன்றும் எத்தனை மணி நேரம், எத்தனை இரவு நங்கூரம் போட்டு நிற்கும்? நல்ல நிறுவனம் ஒரே நாளில் பதில் தரும்.

தேன்சிட்டு:

அலைநேசன் சொன்னதில் ஒரு வார்த்தைகூடக் கூடுதல் இல்லை. நானும் கணவரும் சீஷெல்ஸில் சிறிய கப்பலில் போனவர்கள், அதனால் அந்தப் பக்கம் மட்டும் சொல்கிறேன்.

உள்தீவுகள் எல்லாம் பக்கம் பக்கமாக இருக்கின்றன. மாஹேயிலிருந்து ப்ராலின் சுமார் 45 கி.மீ., ப்ராலினிலிருந்து லா டீக் கூப்பிடு தூரம். பெரும்பாலான நாட்களில் கப்பல் ஓடுவது சில மணி நேரம்தான். இரவில் ஏதாவது ஒரு விரிகுடாவில் நங்கூரம் போட்டுவிடுவார்கள். நில நடுக்கோட்டுக்குத் தெற்கே வெறும் 4 டிகிரியில் இருப்பதால் பெரும் புயல்கள் வரும் பாதைக்கு இந்த உள்தீவுகள் வெளியே இருக்கின்றன. இரண்டு காற்றுக்கு இடையில், அதாவது ஏப்ரலிலும் மறுபடி அக்டோபர் பாதியிலிருந்து நவம்பர் வரையும், கடல் கண்ணாடி மாதிரி. தண்ணீரும் அப்போதுதான் தெளிவு.

கப்பலில் கிடைத்த எதையும்விட எனக்கு மனதில் நிற்பது குசேன் தீவுதான். அது பறவைகளுக்கான காப்பகம். எலி, விதை, பூச்சி எதுவும் உள்ளே போய்விடக் கூடாது என்பதால் வெளிப்படகு எதுவும் கரையைத் தொட அனுமதியில்லை. காவலர்கள் தங்கள் படகைக் கொண்டுவந்து, நடுத்தண்ணீரில் நம்மை மாற்றி ஏற்றி, அலை தூக்கும் நேரம் பார்த்து முழு வேகத்தில் மணலில் ஏற்றிவிடுவார்கள். சிரித்துக்கொண்டே இறங்கினோம். கரையில் அழுங்காமை (ஒரு வகைக் கடலாமை) ஒன்று பட்டப்பகலில் முட்டையிட ஏறி வந்திருந்தது. மற்ற இடங்களில் பெரும்பாலும் இரவில் ஏறும் இனம் அது, சீஷெல்ஸில் பகலிலேயே வரும். அக்டோபரிலிருந்து பிப்ரவரி வரை இதற்கு வாய்ப்பு அதிகம். அதன் பின்பக்கமாக, கண்ணில் படாமல் நிற்கச் சொன்னார்கள். பின்துடுப்பால் ஒவ்வொரு கையளவு மணலாக அள்ளி அள்ளிப் பக்கத்தில் வைத்தது. எறியவில்லை, வைத்தது. கிண்ணம் மாதிரிக் குழி ஆனதும் அசைவை நிறுத்தியது. பக்கத்தில் என் கணவர் மூச்சுவிடுவதுகூடக் கேட்டது. பெரிய கப்பலில் வந்தால் இந்தக் கரைக்கு வரவே முடியாது.

நடுக்கடல்:

ஒரு மாற்றுக் கருத்து. தேனிலவு என்றால் தனிமை. சிறிய கப்பலில் தனிமை குறைவு என்பதை யாரும் சொல்லவில்லையே?

நாற்பது பேர் ஒரே கூடத்தில் சாப்பிடுகிறார்கள். இரண்டாம் நாளே எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்துவிடும். ‘புதுமணத் தம்பதி’ என்று ஆளுக்கு ஆள் வந்து விசாரிப்பார்கள், பாசமாகத்தான். பெரும்பாலும் வயதில் மூத்தவர்கள், பணி ஓய்வு பெற்றவர்கள். காலை 7 மணிக்குக் காலை உணவு, 8 மணிக்குக் கரைக்குப் படகு. கல்யாணக் களைப்பில் பத்து மணி வரை தூங்க நினைப்பவர்களுக்கு இது சரிப்படாது.

நாங்கள் கேட்டமரான் என்னும் இரட்டை உடல் படகு ஒன்றை எங்களுக்கு மட்டும் எடுத்தோம். ஓட்டுபவர் ஒருவர், சமைப்பவர் ஒருவர், அவ்வளவுதான். நினைத்த இடத்தில் நிறுத்தலாம். இரண்டு உடல்கள் இருப்பதால் ஒற்றை உடல் பாய்மரப் படகு மாதிரிச் சாய்ந்து ஓடாது.

தேன்சிட்டு:

நடுக்கடல், நீங்கள் சொல்லும் காலை அட்டவணை உண்மை. ஆனால் கரைக்குப் போவது கட்டாயமில்லையே. எல்லோரும் இறங்கிப் போனபின் கப்பலில் தங்கிவிடுங்கள். மேல்தளம், நீச்சல் ஏணி, வேண்டியதைக் கொண்டுவந்து தரும் பணியாளர்கள், எல்லாம் உங்கள் இருவருக்கு மட்டும். நாங்கள் ஒரு முற்பகல் அப்படி இருந்தோம். கப்பலின் பின்பக்கத் தட்டை இறக்கிவிட்டார்கள், அதில் உட்கார்ந்து கால்களைக் கடலில் போட்டுக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தோம். அதைவிடத் தனிமை வேறென்ன வேண்டும்?

சாப்பாட்டு மேசையையும் முன்கூட்டியே இருவருக்கு மட்டும் என்று கேட்டு வைக்கலாம். மூத்தவர்கள் பற்றி எனக்குக் குறையே இல்லை. பல பத்தாண்டுகள் சேர்ந்து வாழ்ந்த ஒரு தம்பதியோடு ஒரு மாலை உட்கார்ந்து பேசியது எங்களுக்கு நல்ல தொடக்கமாக இருந்தது.

அலைநேசன்:

கேட்டமரான் சாயாது, சரி. ஆனால் அதற்கென்று ஓர் ஆட்டம் உண்டு. எதிர் அலையில் வெடுக்கு வெடுக்கென்று உதறும், இரண்டு உடல்களுக்கு நடுவே தண்ணீர் வந்து அடிக்கும் சத்தமும் கேட்கும். காயலுக்குள் அது சொர்க்கம். திறந்த கடலில் குமட்டல் உள்ளவருக்கு 60 மீட்டர் நீளக் கப்பல்தான் நல்லது. ராயாட்டியா, டாஹா காயலில் மட்டும் கேட்டமரான் எடுப்பது என்றால் நானும் கை தூக்குகிறேன்.

செங்கதிர்:

கேபின் பற்றி. கப்பல் சீசா பலகை மாதிரி, நடுவில் ஆட்டம் குறைவு, நுனியில் அதிகம். அதனால் நீளவாக்கில் நடுவில், முடிந்தவரை கீழ்த்தளத்தில் எடுங்கள். மேல்தளத்துக் கேபினுக்குப் பால்கனி, பெரிய சன்னல் எல்லாம் இருக்கும், விலையும் கூடும், ஆட்டமும் கூடும். உங்கள் அவருக்காகக் கீழே எடுத்து, மிச்சமாகும் பணத்தைக் கரையில் செலவழியுங்கள்.

முன்முனைக் கேபின் வேண்டவே வேண்டாம். விடியற்காலையில் நங்கூரச் சங்கிலி இறங்கும் சத்தம் தலைமாட்டிலேயே கேட்கும். பின்முனையில் எஞ்சின் அதிர்வு. ஜெனரேட்டர் எந்தப் பக்கம் என்றும் கேளுங்கள், அது இரவு முழுக்க ஓடும். சிறிய கப்பல்களின் தள வரைபடம் இணையத்திலேயே கிடைக்கும். அதைத் திறந்துவைத்துக்கொண்டு கேபின் எண்ணைச் சொல்லிப் பதிவு செய்யுங்கள், ‘இந்த வகை’ என்று மட்டும் பதிவு செய்தால் மிச்சமிருப்பதைத் தள்ளிவிடுவார்கள்.

முக்கியமான ஒன்று: சில பழைய கப்பல்களில் இரண்டு கட்டில்களும் தரையோடு பொருத்தப்பட்டிருக்கும், சேர்க்கவே முடியாது. தேனிலவுக்குப் போகிறவர்கள் இதை எழுத்தில் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

நீலாம்பல்:

பாய்மரக் கப்பல் யாரும் சொல்லவில்லையே! ராயல் கிளிப்பர் என்று ஒன்று இருக்கிறது. 5 பாய்மரங்கள், 42 பாய்கள், 227 பயணிகள். கரீபியனில் குளிர்காலம் முழுக்க ஓடும். முன்னால் நீண்டிருக்கும் கொம்பின் அடியில் வலை கட்டியிருப்பார்கள், அதில் படுத்துக்கொண்டால் கீழே நேராகக் கடல்தான். எஞ்சினை நிறுத்திப் பாய் விரிக்கும்போது வரும் அமைதியை ஒருமுறை கேட்டவர்கள் வேறு கப்பலில் ஏற மாட்டார்கள். காற்று இல்லாத நேரம் எஞ்சின் போடுவார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

வெண்புறா:

மருந்தகத்தில் வேலை பார்ப்பவள் என்பதால் குமட்டல் பற்றி நான் எழுதுகிறேன்.

ஆட்டம் தொடங்கி வயிறு புரட்டிய பிறகு மாத்திரை போட்டால் பெரிதாகப் பயனில்லை, அது வாந்தியோடு வெளியே வந்துவிடும். டைமென்ஹைட்ரினேட் போன்ற மாத்திரைகளைக் கப்பல் கிளம்ப அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன்பே போட வேண்டும். தூக்கம் வரும், மதுவோடு சேரவே கூடாது. ஸ்கோபோலமைன் பட்டை என்று ஒன்று காதுக்குப் பின்னால் ஒட்டுவது, 3 நாள் வேலை செய்யும், குறைந்தது 4 மணி நேரம் முன்பே ஒட்ட வேண்டும். வாய் உலரும். ஒட்டிய விரலைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் கண்ணைத் தொட்டால் அந்தக் கண்ணின் பாப்பா விரிந்து பார்வை மங்கிவிடும். கிளாக்கோமா (கண் அழுத்த நோய்) உள்ளவர்களுக்கு இது ஆகாது. எதுவானாலும் மருத்துவரைப் பார்த்து வாங்கி, கல்யாணத்துக்கு முன்பே வீட்டில் ஒருநாள் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எது அவருக்கு எவ்வளவு தூக்கம் தருகிறது என்று தெரிந்துவிடும்.

கப்பலில் குமட்டல் தொடங்கினால் கேபினுக்குள் போய்ப் படுப்பதைவிட வெளித்தளத்துக்கு வந்து தொடுவானத்தையே பார்ப்பது நல்லது. கைப்பேசியைத் தொடவே கூடாது. வெறும் வயிறும் ஆகாது, வயிறு முட்டவும் ஆகாது.

இன்னொன்று, தேனிலவுக்குப் போகிறவர்களுக்கு யாரும் சொல்லாதது. வெப்பமண்டலத் தீவுகள் பலவற்றில் கருவில் இருக்கும் குழந்தையைப் பாதிக்கக்கூடிய ஜிகா வைரஸ் கொசு மூலம் பரவிய வரலாறு உண்டு. பரவல் இருக்கும் இடத்துக்கு இருவரும் போய்வந்தால் கருத்தரிக்க 3 மாதம் காத்திருக்கச் சொல்கிறார்கள். உடனே குழந்தை வேண்டும் என்று நினைத்தால் கிளம்பும் முன் அந்த நாட்டின் அப்போதைய நிலவரத்தை மருத்துவரிடம் கேளுங்கள்.

திசைகாட்டி:

பாதுகாப்பு பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், மனம் கேட்கவில்லை.

பன்னாட்டுப் பயணத்தில் 12க்கு மேற்பட்ட பயணிகளை ஏற்றும் கப்பல்தான் சோலாஸ் என்னும் பன்னாட்டுக் கடல் பாதுகாப்பு உடன்படிக்கையின்படி பயணிகள் கப்பல். அவற்றில் புறப்படும் முன்போ, புறப்பட்ட உடனேயோ பாதுகாப்புப் பயிற்சி நடத்தியாக வேண்டும். 12 பேரோ அதற்குக் குறைவாகவோ ஏறும் படகுகளும், ஒரே நாட்டுக்குள் ஓடுபவையும் அந்தந்த நாட்டு விதிகளுக்குள் வருகின்றன. அதில் நல்லதும் உண்டு, மோசமானதும் உண்டு. இந்தோனேசியாவில் கொமோடோ பக்கம் போகும் பினிசி மரக்கலங்கள் அவ்வளவு அழகு. அவற்றைக் கட்டும் தென் சுலவேசிக் கைத்திறனை 2017இல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் எல்லாமே மரம். நெருப்பு என்று வந்தால் நேரம் கிடையாது.

2019 செப்டம்பர் 2 அன்று கலிபோர்னியா அருகே ஒரு முக்குளிப்புப் படகு இரவில் எரிந்து 34 பேர் இறந்தார்கள். கீழ்த்தளத்தில் தூங்கியவர்களுக்கு இருந்த இரண்டு வழிகளும் மேலே ஒரே கூடத்தில்தான் போய் முடிந்தன. இரவுக் காவலுக்கு யாரும் விழித்திருக்கவில்லை. அதனால் எந்தப் படகானாலும் நான் கேட்பவை: இரவு முழுக்க யார் விழித்திருப்பார்? என் கேபினிலிருந்து வெளியேற இரண்டாவது வழி எது, அது வேறு இடத்தில் திறக்கிறதா? பேட்டரிகளை எங்கே மின்னேற்றுகிறார்கள்? ஏறியதும் அந்த வழியில் ஒருமுறை இருவரும் நடந்து பாருங்கள், இருட்டில் கை தானாகப் போகும்.

ஊர்சுற்றி:

ஆவண விஷயம். பயணச்சீட்டில் இருக்கும் பெயரும் பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு பெயர் மாற்றப் போகிறீர்கள் என்றால் பயணம் முடிந்து வந்தபின் மாற்றுங்கள்.

பிரெஞ்சு பாலினீசியா பிரான்ஸுக்கு உட்பட்டது என்றாலும் ஷெங்கன் (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா) பகுதிக்குள் இல்லை. விசா தேவைப்படும் பாஸ்போர்ட் என்றால், சாதாரண ஷெங்கன் விசா மட்டும் வைத்துக்கொண்டு போக முடியாது. கிழக்குக் கரீபியனில் ஒரு வாரத்தில் செயின்ட் லூசியா, செயின்ட் வின்சென்ட், கிரெனடா என்று தனித்தனி நாடுகள் வரும், நடுவில் மார்டினிக் வந்தால் அது பிரான்ஸ். ஒவ்வொன்றுக்கும் தனியாகப் பார்க்க வேண்டும். சீஷெல்ஸில் வழக்கமான விசா கிடையாது. முன்கூட்டியே இணையத்தில் பயண அனுமதி வாங்கினால் போதும். உங்களுக்கு இதுவே பெரிய நிம்மதி.

கப்பல் கிளம்பும் நாளிலேயே விமானத்தில் போய் இறங்காதீர்கள். ஒரு நாள் முன்பே போய்விடுங்கள். சிறிய கப்பல் உங்களுக்காகக் காத்திருக்காது. காப்பீட்டில் கடலிலிருந்து மருத்துவமனைக்கு அவசரமாகக் கொண்டுபோகும் செலவும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், தொலைதூரத் தீவுகளில் அதுதான் பெரிய செலவு.

மழைத்துளி:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. எல்லாவற்றையும் இருவரும் உட்கார்ந்து வரி வரியாகப் படித்தோம்.

ஜூலையில் போகவில்லை. கல்யாணம் முடிந்து வீட்டில் ஆற அமர இருந்துவிட்டு, அக்டோபர் கடைசியில் சீஷெல்ஸ். 40 பேர் ஏறும் கப்பல், நடுவில், கீழ்த்தளம். கேபின் எண்ணைச் சொல்லியே கேட்டோம், கட்டில்கள் சேர்த்துப் போடுவார்கள் என்று மின்னஞ்சலில் பதில் வந்திருக்கிறது. நடுக்கடல் சொன்னதும் மனதில் பட்டது. கப்பலிலிருந்து இறங்கியபின் லா டீக்கில் சில நாள் தங்கி, காலையில் நினைத்த நேரம் எழுந்து, சைக்கிளில் சுற்றப் போகிறோம். ‘இரவில் நங்கூரம் போட்டு நிற்கும்’ என்று படித்ததும் அவர் முகமே மாறிவிட்டது. இப்போது என்னைவிட அவர்தான் தீவுகளின் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஒரு கேள்வி மிச்சம். தேனிலவுப் பயணம் என்று கப்பலில் முன்பே சொல்ல வேண்டுமா? சொன்னால் எல்லோர் முன்னிலும் கேக் வெட்ட வைப்பார்களோ என்று கூச்சமாக இருக்கிறது.

தேன்சிட்டு:

கட்டாயம் சொல்லும்மா. கூடவே ‘பொதுவில் கொண்டாட்டம் எதுவும் வேண்டாம், ஒரு மாலை மேல்தளத்தில் இருவருக்கு மட்டும் மேசை போட்டால் போதும்’ என்று எழுதிவிடு. அப்படியே செய்வார்கள். சில இடங்களில் திருமணச் சான்றின் நகல் கேட்பதுண்டு, கையில் வைத்துக்கொள்.

அப்புறம், பெரிய சக்கரப் பெட்டி வேண்டாம். கேபினில் கட்டிலுக்கு அடியில் நுழையும் துணிப்பை எடுத்துப் போ. கரைக்குப் படகில் போகும்போது முழங்கால் தண்ணீரில் இறங்க வேண்டியிருக்கும், நனைந்தாலும் கழன்று போகாத செருப்பு இருவருக்கும் ஒவ்வொரு சோடி. ப்ராலினில் வாலே த மாய் காட்டில் இரட்டைத் தேங்காய் மரங்களைப் பார்க்கும்போது ஒன்று வாங்கத் தோன்றும். அனுமதிச் சான்றோடு விற்கும் காயை மட்டும் வாங்கு, அது இல்லாமல் நாட்டைவிட்டு வெளியே கொண்டுவர முடியாது.

வெண்புறா:

அந்தக் காய் ஒன்றே பல கிலோ இருக்கும், துணிப்பையில் இடம் விட்டு வையுங்கள். மாத்திரையைக் கைப்பையில் வைக்கச் சொல்லுங்கள், மாஹேயிலிருந்து கிளம்பும் முதல் நாள் மட்டும் ஒன்று போட்டால் பெரும்பாலும் போதும்.